வீடு தேடி வரும் உத்தியோகம்

கொச்சித் துறைமுகத்தின் பழைய கரையாகிய மட்டாஞ்சேரியில், இன்று மிளகும் சுக்கும் மணக்கின்ற கிடங்குகளுக்கு அருகே, ஒரு காலத்தில் விடியற்காலையில் ஒரு விசித்திரமான காட்சி நடைபெறுவது வழக்கம். கப்பல்களில் சரக்கை ஏற்றவும் இறக்கவும் கூலி வேலை நாடிப் பெருங்கூட்டம் கூடி நிற்கும். குத்தகைக்காரருடைய ஆள் வருவான். அவன் கையில் சிறு உலோக வில்லைகள் இருக்கும்; அவற்றுக்குச் ‘சாப்பா’ என்று பெயர். கூட்டத்தின் நடுவே அவற்றை அள்ளி வீசுவான். விழுந்தும் புரண்டும், ஒருவரையொருவர் தள்ளியும், எவன் ஒரு வில்லையைக் கைப்பற்றுகிறானோ அவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. இந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடியபோது, 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. அந்தப் போராட்டம் மூன்று உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2023இல் வெளிவந்த ‘துறமுகம்’ என்னும் மலையாளத் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இவ்வரலாறு தெரிந்திருக்கும்.

வேலைவாய்ப்பு மோசடிகளைப் பற்றிப் பேச வந்தவன் சாப்பாவை ஏன் இழுக்கிறான் என்று நேயர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. வேலை என்பது உழைப்பவன் தன் உழைப்பை விற்கும் வியாபாரம். வாங்குகிறவன் அல்லவோ விலை கொடுக்கவேண்டும்? ஆனால் வேலை அரிதாகவும் வேலை தேடுவோர் மிகுதியாகவும் இருக்கும் இடத்தில், நடுவே ஒருவன் புகுந்துகொண்டு, உழைப்பதற்கான உரிமையையே விலைப்பொருளாக்கிவிடுகிறான். நம்முடைய முன்னோர் இதனை நன்கு அறிவர். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த நாளில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு வழங்கிற்று. தொழிலாளியின் பெயரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பதை அது காட்டும். அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்தார் அவனை அழைத்துக்கொள்ளலாம். அந்தத் துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டும் போயிற்று, சாப்பாவும் போயிற்று. ஆயினும் வேலையின் பெயரால் முன்பணம் பறிப்பவன் போகவில்லை. இப்போது அவன் கைப்பேசிக்குள் குடியேறியிருக்கிறான்.

என் அண்டை வீட்டார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் கணக்கெழுதி வருகிறவர். அவருடைய மகள் பி.காம். தேறியவள். ஒரு நாள் அவளுடைய வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்தபடியே நாளொன்றுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ஈட்டலாம். கைப்பேசி ஒன்று இருந்தால் போதும் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. வேலை யாதெனில், இணைய வரைபடத்தில் சில உணவு விடுதிகளுக்கு ஐந்து நட்சத்திரம் இட்டு, அதனைப் படமெடுத்து அனுப்புவது. அனுப்பினாள். அரைமணி நேரத்தில் நூற்றைம்பது ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. மெய்யாகவே வந்தது.

மறுநாள் அவளை டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்த்தார்கள். அங்கே நாற்பது பேர் இருந்தனர். ‘இன்று எனக்குப் பன்னிரண்டாயிரம் வந்தது’, ‘என் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிவிட்டேன்’ என்று ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தனர். முன்பணம் கட்டிச் செய்யும் பணிகளுக்கு ஊதியம் அதிகம் என்றார்கள். ஆயிரம் கட்டினாள், ஆயிரத்து முந்நூறாகத் திரும்பி வந்தது. ஐயாயிரம் கட்டினாள், அதுவும் லாபத்தோடு வந்தது. அடுத்த முறை பதினெண்ணாயிரம். அப்போது, இது மூன்று படிகளைக் கொண்ட பணி, முழுவதும் முடித்தால்தான் பணத்தை எடுக்கலாம் என்றார்கள். நாற்பத்தீராயிரம் கட்டினாள். நீ ஓர் எண்ணைத் தவறாக அழுத்திவிட்டாய், குழு முழுவதற்கும் நஷ்டம், அதைச் சரிசெய்ய எண்பத்தாறாயிரம் என்றார்கள். வீட்டில் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது. ஆகமொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் ரூபாய். திரையில் அவளுடைய கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருப்பதாகக் காட்டிற்று. எடுக்கப் போனால் வரி கட்டவேண்டும் என்றார்கள். அப்போதுதான் தகப்பனாரிடம் சொன்னாள்.

அவர் என்னிடம் ஓடிவந்து கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. ‘அண்ணாச்சி, முதலில் அவர்கள்தானே பணம் கொடுத்தார்கள்? கொடுத்தவர்கள் எப்படித் திருடர்களாக இருக்கமுடியும்?’

இந்த ஒரு கேள்விக்கு விடை அறிந்தால் இவ்வகை மோசடியின் உட்கூறு முழுவதும் விளங்கிவிடும். இறால் போட்டுச் சுறா பிடிப்பது என்று நம்மவர் சொல்வதுண்டு. அந்த நூற்றைம்பது ரூபாய் ஊதியம் அன்று. நம்பிக்கையை விலைக்கு வாங்கக் கொடுத்த அச்சாரம். அது அவர்களுடைய பணமும் அன்று; பெரும்பாலும் முன்னமே ஏமாந்த வேறொருவருடைய பணம். திருவிழாக்களில் மூன்று சீட்டு வைத்து விளையாடுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களில் இருவர் மூவர் வென்று வென்று பணத்தை எண்ணுவார்கள். அவர்கள் அவனுடைய கூட்டாளிகள். டெலிகிராம் குழுவிலிருந்த நாற்பது பேரும் அத்தகையவர்களே; ஒருவனே பத்துப் பெயர்களில் எழுதுவதும் உண்டு. திரையில் தெரிந்த இரண்டு லட்சமோ, மோசக்காரன் தன் கையால் எழுதிக் காட்டிய எண். வங்கிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இது ஏதோ ஓர் ஊரில் ஒரு வீட்டில் நடந்த சங்கதி அன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பரில், பகுதிநேர வேலை என்ற பெயரில் இம்மாதிரிப் பணிகளைக் கொடுத்து ஏமாற்றிவந்த நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசாங்கம் முடக்கியது. ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலையற்ற இளைஞர்கள் ஆகியோரையே இவை குறிவைத்தன என்று உள்துறை அமைச்சகம் அப்போது அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து இயக்கப்பட்ட இக்கூட்டங்கள், விளம்பரங்களைப் பல மொழிகளில் வெளியிட்டன. பறித்த பணத்தைப் பிறருடைய வங்கிக் கணக்குகள் வழியாகவும், மின்னணு நாணயங்களாக மாற்றியும், வெளிநாட்டுப் பணப்பொறிகளில் எடுத்தும் வெளியேற்றின.

பிறருடைய வங்கிக் கணக்கு என்றேன். இங்கே சற்று நிற்கவேண்டும். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆளின் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தாள். ஒன்று ஒரு பலசரக்குக் கடையின் பெயரில் இருந்தது. மற்றொன்று யாரோ ஒரு தனிமனிதர். ஊதியம் தரும் நிறுவனம் தன் பெயரில் ஒரு கணக்குக்கூட இல்லாமலா இருக்கும்? அந்தக் கணக்குகளின் சொந்தக்காரர்களும் ஒருவகையில் வேலை தேடி ஏமாந்தவர்களே. ‘உங்கள் கணக்கில் பணம் வரும், அதை நாங்கள் சொல்லும் இடத்துக்கு அனுப்புங்கள், நூற்றுக்கு இரண்டு உங்களுக்கு’ என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட உத்தியோகம். பாஸ்புத்தகத்தையும் அட்டையையும் சிம்மையும் மாத வாடகைக்குக் கொடுப்பாரும் உளர். போலீஸார் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது முதலில் வந்து நிற்கும் கதவு இவர்களுடையது. கணக்கு முடக்கப்படுகிறது, வழக்கில் பெயர் ஏறுகிறது. வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் இதில் எளிதில் சிக்குகிறார்கள் என்பதனால் இதனை அழுத்திச் சொல்கிறேன். பணம் இழந்தவன் வாதியாக நிற்பான். கணக்கைக் கொடுத்தவன் பிரதிவாதியாக நிற்க நேரிடும்.

வேறொரு வகை உண்டு. படிவங்களைக் கணினியில் நிரப்பும் வேலை, பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று அழைப்பார்கள். ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வேலையை முடித்து அனுப்பினால், நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இல்லை, ஆகையால் நீ ஒப்பந்தத்தை மீறினாய், இத்தனை ஆயிரம் அபராதம் கட்டு என்பார்கள். பின்னர் வக்கீல் என்று ஒருவர் பேசுவார். கைது உத்தரவு வருகிறது என்பார். பயந்து கட்டியவர்கள் பலர். சட்டம் சொல்வது வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஏமாற்றிப் பெறப்பட்ட ஒப்பந்தத்தை ஏமாற்றப்பட்டவர் தள்ளிவிடலாம்; அது 19ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் எத்தனை பெரிய அபராதம் எழுதியிருந்தாலும், நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் நீதிமன்றம் தராது. அது 74ஆம் பிரிவு. வக்கீல் அறிவிப்பு என்பது நீதிமன்ற உத்தரவு அன்று. வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதற்காக எந்தப் போலீஸாரும் எவரையும் கைது செய்யமாட்டார்கள். ஆகவே அந்த மிரட்டலுக்குப் பதில் பணம் அன்று, புகார்.

பெரிய நிறுவனங்களின் பெயரில் வரும் போலி நியமன உத்தரவுகளைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டுவதில்லை. முத்திரையும் கையொப்பமும் அச்சாக இருக்கும். நேர்முகம் எழுத்துச் செய்தியிலேயே முடிந்திருக்கும், முகம் காட்டியிருக்கமாட்டார்கள். மடிக்கணினிக்கு ஈட்டுத்தொகை, பயிற்சிக் கட்டணம், சான்றிதழ் சரிபார்க்கும் செலவு என்று ஏதேனும் ஒன்றைக் கேட்பார்கள். மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கக்கூடிய முகவரியாக இருக்கும். உத்தரவில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை அழைத்து விசாரிப்பதில் பயனில்லை. அது அவர்களுடைய எண்தான். நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்துக் கேட்கவேண்டும். சிலர் கம்பெனிப் பதிவுச் சான்றையும் ஜி.எஸ்.டி. சான்றையும் காட்டுவார்கள். ஒரு கம்பெனி பதிவாகியிருக்கிறது என்பதற்கும், அது மெய்யாக ஆள் எடுக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. இன்னொன்று: யு.பி.ஐ. வழியே பணம் வருவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பணம் போவதற்கே தேவை. ‘சம்பளம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்து’ என்பவன் எடுத்துக்கொள்ளவே சொல்கிறான்.

இனி, கடல் கடந்த வேலையைப் பற்றி. இங்கே இழப்பது பணம் மட்டுமன்று. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தாய்லாந்தில் கணினி வழி விற்பனை அலுவலர் வேலை என்று, துபாயிலும் இந்தியாவிலும் இருந்த முகவர்கள் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து, படித்த இளைஞர்களை அழைத்துச் சென்று, எல்லை கடத்தி, பெரும்பாலும் மியான்மரில் அடைத்துவைத்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? நான் மேலே சொன்னேனே, டெலிகிராமில் இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றுவது, அந்த வேலை. மறுத்தவர்களுக்கு அடி உதை. 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட தமிழர் பதின்மூவர் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சாட் நகருக்குச் சென்று, இரண்டே நாள்களில் 549 இந்தியர்களை ஏற்றிவந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், இவ்வாறு அடைபட்டவர் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேர் என்று மதிப்பிட்டது. ஆகையால், மட்டாஞ்சேரிப் பெண்ணுக்கு நல்ல தமிழில் எழுதியவனும் ஒருவேளை எங்கோ முள்வேலிக்குள் இருந்த தமிழ்ப் பிள்ளையாக இருக்கலாம். இதை நினைத்தபோது எனக்குக் கோபம் எவர்மேல் கொள்வது என்று தெரியவில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று பெற்ற முகவரன்றி வேறெவரும் ஆள் சேர்க்கக் கூடாது. அவருடைய பெயர் இ-மைகிரேட் என்னும் அரசாங்க இணையதளத்தில் இருக்கும். பதிவெண்ணைக் கேட்டு வாங்கி அங்கே பார்க்கலாம். தொழிலாளியிடம் அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியுமே. ரசீது தரவேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவனை வாசலிலேயே நிறுத்திவிடலாம்; போய் இறங்கியவுடன் தரப்படும் விசாவில் வேலை செய்யத் தாய்லாந்து இடம் தருவதில்லை என்று அந்த எச்சரிக்கையே சொல்லிற்று. கொச்சியில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் உண்டு. கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸும் ஒடெபெக்கும், தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அரசாங்கத்தின் சார்பில் ஆள் அனுப்புகின்றன. 1800 11 3090 என்ற கட்டணமில்லாத எண்ணில் மத்திய அரசாங்கத்தின் உதவி மையத்தைக் கேட்கலாம்.

ஆயினும் பதிவுச் சான்று ஒன்றையே பார்த்து அயர்ந்துவிடக்கூடாது என்பதற்குக் கொச்சியே சாட்சி. குவைத்தின் சுகாதார அமைச்சகத்துக்குச் செவிலியரை அனுப்பிய ஒரு கொச்சி நிறுவனம், தலைக்கு 19,500 ரூபாய் பெறவேண்டிய இடத்தில் பத்தொன்பதரை லட்சம் பெற்றது என்று 2015இல் சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது. குடிபெயர்வோரைப் பாதுகாக்கவேண்டிய அதிகாரியே அந்த வழக்கில் சேர்க்கப்பட்டார். குடிபெயர்வு அனுமதி வேண்டும் 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசாங்க நிறுவனங்கள் வழியாகவே அனுப்பவேண்டும் என்று மத்திய அரசாங்கம் அவ்வாண்டிலேயே கட்டளையிட்டது. ரசீதில் ஒரு தொகை, கையில் வேறொரு தொகை என்று எவர் கேட்டாலும், அவரிடம் எத்தனை சான்று இருந்தும் பயனில்லை.

பணம் போய்விட்டதென்று தெரிந்தவுடன் செய்யவேண்டுவது என்ன? நேரமே இங்கே பொருள். வங்கிக் கணக்கைப் பிறர் திருட்டுத்தனமாக இயக்கியிருந்தால், மூன்று வேலை நாள்களுக்குள் அறிவித்து நஷ்டத்திலிருந்து தப்ப ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி வழி செய்தது. ஆனால் வேலை மோசடியில் நாமே நம் கையால் அனுப்புகிறோம். ஆகையால் அந்த விதியைக் காட்டி வங்கியிடம் வாதாடுவது கடினம். பணம் கைமாறிக் கைமாறி ஓடுவதற்கு முன் அதை வழியில் மறிப்பது ஒன்றே உபாயம். 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்னும் இணையதளத்திலும் பதியலாம். தேதி, நேரம், தொகை, யு.பி.ஐ.யின் பன்னிரண்டு இலக்கக் குறிப்பெண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்பது நலம். டெலிகிராம் உரையாடலை வெட்கப்பட்டு அழித்துவிடுகிறார்கள். அது பெரும் பிழை, அதுவே சாட்சியம்.

அயல் மாநிலத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு தயக்கம் உண்டு. மொழி தெரியாது, ஊர் நம்முடையதன்று, ஊருக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நாள்களைக் கடத்துகிறோம். அதற்குத் தேவையில்லை. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருந்தாலும், கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றிய தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். மும்பையிலோ பெங்களூரிலோ இருப்பவர் அங்கேயே கொடுக்கலாம். அக்கம்பக்கத்தில் அந்த ஊர் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் குறைவொன்றும் இல்லை. நானும் அன்று அவ்வாறுதான் உடன் சென்றேன்.

அந்த மாலையிலேயே 1930ஐ அழைத்துவிட்டோம். கடைசியாக அனுப்பிய எண்பத்தாறாயிரத்தில் முப்பத்தோராயிரம் ஒரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. அது திரும்பிவரச் சில மாதங்கள் சென்றன. மற்றது வரவில்லை. தகப்பனார் மகளைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள்தான் பல நாள் சாப்பிடாமல் கிடந்தாள். இதை வானொலியில் பேசப்போகிறேன் என்று சொல்லி அனுமதி கேட்டபோது, பெயரை மட்டும் விட்டுவிடுங்கள், தொகையைச் சொல்லுங்கள் என்றாள். இப்போது கடைத்தெருவில் ஓர் ஏற்றுமதிக் கிடங்கில் கணக்கெழுதுகிறாள். சம்பளம் அதிகமில்லை; மாதம் முடிந்த பிறகு தருகிறார்கள். சேரும்போது அவளிடம் அங்கே எவரும் ஒரு காசும் கேட்கவில்லை.